கரைவலையில் ஒரு பகல்: பெரியநீலாவணைக் கடற்கரையின் பங்குக் கணக்கு

மீன் இருக்கும் இடத்துக்கு மனிதன் போவது கடற்றொழிலில் ஒரு வகை. மனிதன் நிற்கும் கரைக்கு மீனைக் கொண்டுவருவது மற்றொரு வகை. கரைவலை இரண்டாவது வகையைச் சேர்ந்தது. நமது பகுதியில் இதனை மாயாவலை என்றும் சொல்வார்கள். பெயர் எதுவானாலும் முறை ஒன்றுதான். ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போகும். வில்போல் வளைந்து வலையை இறக்கிக்கொண்டு வேறோர் இடத்தில் கரை சேரும். பிறகு இரண்டு முனைகளிலும் ஆட்கள் நின்று இழுப்பார்கள்.

உல்லாசப் பயணிகள் வந்துபோகும் கரைகளில் இப்போது ‘முழுநாள் மீன்பிடிப் பயணம்’ என்று ஒன்று விற்பனையாகிறது. படகு, தூண்டில், சாப்பாடு, வழிகாட்ட ஓர் ஆள் எல்லாம் சேர்த்து ஒரு விலை. பிடித்த மீனோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பலாம். பெரியநீலாவணையில் அப்படி ஒன்றும் கிடையாது. ஆனால் முறையாகக் கேட்டுக்கொண்டால், சுபஹுக்கு முன்பிருந்து மஃரிப் வரை ஒரு கரைவலைக் கூட்டத்தோடு கூடவே நிற்கலாம். வழிகாட்டுபவர் தண்டயல். கட்டணம் இல்லை, கயிற்றில் கை வைக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படி ஒரு முழுநாள் நின்று கண்டதையும் அதை விளங்கிக்கொள்ளப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கிழக்கு முஸ்லிம்களின் நாட்டார் வழக்காறுகளைச் சேகரித்தவர்களில் அநேகர் வயலுக்குப் போயிருக்கிறார்கள். கடற்கரைக்குப் போனவர்கள் குறைவு. நெல் வெட்டையும் பரணில் இருந்து பாடும் கவியையும் பற்றி நம்மிடம் நிறைய எழுத்து உண்டு. வலையின் பங்குக் கணக்கைப் பற்றி எழுத்து மிகக் கொஞ்சம். படைப்பிலக்கியத்தில் மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’யைச் சொல்லலாம். ஆய்வில் அதற்கு ஈடாகச் சொல்ல எனக்கு ஒன்றும் வாய்க்கவில்லை.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வீதியால் வடக்கே போனால் பாண்டிருப்பு, மருதமுனை, அதற்கடுத்தது பெரியநீலாவணை. அம்பாறை மாவட்டம் அத்தோடு முடிகிறது. அப்பால் கல்லாறு, மட்டக்களப்பு மாவட்டம். கிழக்கே கடல். மேற்கே துறைநீலாவணைப் பக்கம் மட்டக்களப்பு வாவியின் தென்கோடி. அந்த வாவி கல்லாற்றில் கடலோடு கலக்கும். மாரி மழையில் முகத்துவாரம் திறந்தால் கலங்கல் தண்ணீர் கடலுக்குள் நெடுந்தூரம் போகும். அதோடு இறாலும் போகும். தமிழரும் முஸ்லிம்களும் ஊரில் அடுத்தடுத்து வாழ்கிறார்கள், கயிற்றிலும் அடுத்தடுத்தே நிற்கிறார்கள். நான் நின்ற கூட்டத்தில் அன்று 26 பேர். அவர்களில் 9 பேர் தமிழ்ச் சகோதரர்கள். வெள்ளிக்கிழமைகளில் அந்த வாடியில் யாருக்கும் தொழில் இல்லை.

காலத்துக்கு வருவோம். கிழக்குக் கரையில் கார்த்திகை தொடங்கி மாசி வரை வாடைக்காற்று. கடல் கொதிக்கும், கரைவலை ஓயும். பங்குனிக்குப் பிறகு கடல் அடங்கும். வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று மேற்கிலிருந்து தரையைக் கடந்து வரும். வெயிலில் நம்மைக் காயவைக்கும் அதே காற்று கரையோர அலையைப் படியவைத்துவிடும், ஏனென்றால் அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. பின்னேரம் கடற்காற்று ஏறும் வரைக்கும் தண்ணீர் தாம்பாளம்போல் கிடக்கும். ஆகவேதான் முதல் வலை வெள்ளாப்பில் போடப்படுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. சூடையும் கீரியும் நெத்தலியும் இரவில் கரையை ஒட்டி வந்து மேயும். வெயில் ஏற ஏற ஆழத்துக்கு இறங்கும்.

சுபஹுத் தொழுகை வாடியிலேயே நடந்தது. தொழுது முடித்ததும் தண்டயல் கடலைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார். ஆலாக்கள் எங்கே தாழப் பறக்கின்றன என்பதுதான் முதல் அடையாளமாம். பிறகு தண்ணீரின் நிறம். கூட்டமாக மீன் கிடக்கும் இடத்தில் தண்ணீர் கறுத்துத் தெரியும். அந்தக் கறுப்பு முகிலின் நிழலா மீனா என்று பிரித்தறிவதற்குத்தான் வயது வேண்டும். எனக்குக் காட்டினார், எனக்கு எல்லாம் ஒரே கடலாகத்தான் தெரிந்தது. மூன்றாவது நீரோட்டம். கையில் இருந்த காய்ந்த ஓலைத்துண்டை அலைக்கு அப்பால் எறிந்துவிட்டு அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் போகிறதே என்று நான் ஏதோ கேட்டதற்கு, “அவசரப்படாதங்க மகன், நீர் இன்னும் கிறுகல்ல” என்றார். நீரோட்டம் பலமாக இருக்கும்போது வலையை இறக்கினால் மடி ஒரு பக்கமாக இழுபட்டுப்போகும். அடிக்கயிறு தரையை விட்டு எழும்பும். எழும்பிய இடத்தால் மீன் போய்விடும். வலை வீசுவதை விட, வீசாமல் இருக்கத் தெரிவதே தண்டயலின் முதல் தகுதி என்று எனக்குப் பட்டது.

வலையின் அமைப்பைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நடுவில் மடி. அது நீண்ட பை. கண் மிகச் சிறியது. மடியின் இரண்டு பக்கமும் கைகள். மடிக்குக் கிட்டவாகக் கண் சிறிதாகவும், கயிற்றை நோக்கிப் போகப்போகக் கண் பெரிதாகவும் இருக்கும். கைகளின் வேலை மீனைப் பிடிப்பதல்ல, வெருட்டுவது. பெரிய கண்ணுக்குள்ளால் மீன் தாராளமாகப் போகலாம், ஆனால் போகாது. அசைந்து வரும் வலையைக் கண்டால் அது நடுவை நோக்கி ஒதுங்கும். ஒதுங்கி ஒதுங்கி மடிக்குள் போய்ச் சேரும். மேலே மிதவைகள், கீழே ஈயக்குண்டுகள். இரண்டு கைகளின் நுனியிலிருந்தும் நீண்ட இழுகயிறு. அந்தக் கயிறு ஒரு கிலோ மீற்றருக்கும் மேல் போவதுண்டு. முந்தி கைகளும் கயிறும் தென்னந்தும்பில் திரித்தவை. ஒவ்வொரு நாளும் காயப்போட வேண்டும், இல்லாவிட்டால் உக்கிவிடும். நைலோன் வந்தபிறகு காயப்போடும் வேலை குறைந்துவிட்டது. அந்த வேலையைச் செய்துவந்த வயதாளிகளின் கால் பங்கும் அத்தோடு இல்லாமல் போனது. இது மூத்தவர் ஒருவர் போகிறபோக்கில் சொன்ன விஷயம். அன்று நான் கேட்டவற்றில் முக்கியமானவற்றுள் ஒன்று.

தோணி போய்த் திரும்ப முக்கால் மணி நேரமளவு சென்றது. இழுவை இரண்டரை மணி நேரம். இழுப்பவர்கள் இடுப்பில் ஒரு பட்டியைக் கட்டி, அதிலுள்ள சிறு கயிற்றை இழுகயிற்றில் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக நடக்கிறார்கள். கடைசியில் நிற்பவர் மணல்மேட்டை எட்டியதும் கழற்றிக்கொண்டு அலைக்கரைக்கு ஓடி முதல் ஆளாக மறுபடி கொளுவுகிறார். நாள் முழுவதும் இந்தச் சுற்றுத்தான். கையின் பலம் இங்கே பெரிதாக வேலை செய்வதில்லை. காலும் இடுப்பும் பாரத்தைத் தாங்குகின்றன. அம்பாப் பாட்டு அடி எடுத்துவைப்பதற்கான தாளம். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஏற்கிறார்கள். இன்றைக்கு அம்பா முழுதாகத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரே. மற்றவர்கள் ஏற்பதோடு சரி. அவர் வராத நாட்களில் கைபேசியில் சினிமாப் பாட்டுப் போடுகிறார்கள். தாளம் சேராததால் கால் பிசகுகிறது என்று அவர்களே சிரிக்கிறார்கள்.

இரண்டு கூட்டமும் இழுத்துக்கொண்டே ஒன்றையொன்று நெருங்கி வர வேண்டும். எந்த முனை முந்துகிறது, எது பிந்துகிறது என்பதைத் தண்டயல் நடுவில் நின்று கையால் காட்டுகிறார். மடி கரையிலிருந்து ஐம்பது, அறுபது பாகம் தள்ளி இருக்கும்போது ஒருவர் நீந்திப் போகிறார். மடியின் வாயருகே தண்ணீரை அடித்து மீன் வெளியே பாயாமல் பார்ப்பதும், அடிக்கயிறு எதிலாவது சிக்கினால் முழுகி எடுத்துவிடுவதும் அவரது வேலை. சுனாமிக்குப் பிந்திய வருடங்களில் இந்த ஆளின் வேலை இரட்டிப்பானது என்றார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் இழுத்துக்கொண்டு போன கூரைத்தகடும் கொங்கிரீட்டும் கம்பியும் கடலடியில் கிடந்து வலையைக் கிழித்ததாம். அந்த அழிவில் உயிரிழப்பு மிக அதிகமாயிருந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனைக்கும் பெரியநீலாவணைக்கும் அது என்ன செய்தது என்பதை இந்த வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

முதல் வலையில் அதிகம் வந்தது கீரி. அதோடு காரல், சூடை, கொஞ்சம் பாரைக்குஞ்சு, இரண்டு திருக்கை, ஒரு கடாப்பெட்டி நிறையச் சொறி. ஆமை ஒன்றும் வந்தது. நால்வர் தூக்கிக்கொண்டுபோய் அலைக்கு அப்பால் விட்டார்கள். ஆமை பாதுகாக்கப்பட்ட உயிரினம், வைத்திருந்தால் வழக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தூக்கியவர்களில் ஒருவர் அதன் ஓட்டில் தட்டிக்கொடுத்துவிட்டு விட்டதற்குச் சட்டம் காரணமல்ல.

இனித்தான் நான் சொல்லவந்த விஷயம். மணலில் கொட்டிய அந்த மீன் யாருடையது?

மணலில் நடப்பது இதுதான். மீன் குவியலாகப் பிரிக்கப்பட்டு ஏலம் போகிறது. வந்த பணத்தில் முதலில் செலவு கழிகிறது: சாப்பாடு, பிளேன்ரி, எண்ணெய், வலை பொத்திய நூல். மிஞ்சியதில் ஒரு பாதி வலைக்கும் தோணிக்கும், அதாவது முதலாளிக்கு. மறுபாதி ஆட்களுக்கு. இந்த விகிதம் கரைக்குக் கரை மாறும். பாதிக்குப் பாதி என்பது பரவலான வழக்கு. விளங்குவதற்காக ஒரு கணக்குப் போடுவோம். மீன் 66,000 ரூபாய்க்குப் போனதென்று வையுங்கள். செலவு 10,000. மீதி 56,000. வலைக்கு 28,000. ஆட்களுக்கு 28,000. 26 பேர் நின்றாலும் பங்கு 28 ஆகிறது. தண்டயலுக்கு இரண்டு பங்கு, தோணி வலித்தவர்களுக்கும் மடிக்கு நீந்தியவருக்கும் ஒன்றேகால், பொடியன்களுக்கு அரை. முழுப் பங்கு 1,000 ரூபாய். மீன் விழாத நாளில் இதே 26 பேரும் இதே அளவு இழுத்துவிட்டு வெறுங்கையோடு போவார்கள். ஆகவே இது கூலி அல்ல. மீன் பட்டாலும் படாவிட்டாலும் கூடவே நிற்கும் கூட்டு. “கூலிக்காரன் நேரத்த பாப்பான், பங்குக்காரன் கடல பாப்பான்” என்று தண்டயல் சொன்னதில் பொருளியல் முழுவதும் அடங்கிவிடுகிறது.

ஏலத்துக்கு முன்பே இன்னொரு பங்கு போய்விடுகிறது. அதற்குக் கணக்கில் பெயர் இல்லை. இழுவையின் கடைசி அரை மணி நேரத்தில் ஊரார் பலர் வந்து கயிற்றில் கை வைக்கிறார்கள். வயதானவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கையில் பையோடு ஒரு விதவை. பிடித்ததாகப் பேருக்குத்தான் பிடிக்கிறார்கள். மடி அவிழ்ந்ததும் அவர்களுக்கு ஆணத்துக்கு மீன் அள்ளிக் கொடுக்கப்படுகிறது. யாரும் எண்ணுவதில்லை. பிச்சை என்று ஆகிவிடக்கூடாது என்பதற்காகத்தான் கயிற்றைத் தொடவிடுகிறார்கள் என்று நான் நினைக்கிறேன். தொட்டவருக்கு உரிமை வந்துவிடுகிறது அல்லவா?

இந்தப் பாதிக்குப் பாதியை நமது சட்ட நூல்கள் எப்படிப் பார்க்கின்றன என்று தேடிப்போனால் சுவையான ஓர் இடம் எதிர்ப்படுகிறது. நாம் ஷாபிஈ மத்ஹபினர். அந்த மத்ஹபின் நூல்கள் முழாரபாவுக்கு முதலாகப் பணம்தான் வேண்டும் என்கின்றன. ஒரு கருவியைக் கொடுத்து அதில் வரும் வருவாயில் பங்கு பேசுவதை அவை ஏற்பதில்லை. அதன்படி வலையை ஒருவர் கொடுத்து இன்னொருவர் பிடித்தால் மீன் முழுவதும் பிடித்தவருக்கு. வலைக்காரருக்கு நியாயமான வாடகை. ஆனால் 1223இல் மறைந்த ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா, தமது ‘அல்முக்னி’யில் மீன்பிடிகாரனுக்குப் பாதிப் பங்கில் வலை கொடுக்கும் இதே உதாரணத்தை எடுத்துப் பேசுகிறார். மீன் பிடித்தவனுக்கே, வலைக்கு வாடகை என்ற கருத்தைச் சொல்லிவிட்டு, இமாம் அஹ்மதிடமிருந்து வந்துள்ள தீர்ப்புகளோடு ஒப்பிட்டால் இந்தக் கூட்டு செல்லும் என்றும் எழுதுகிறார். நிலத்தை விளைச்சலின் பங்குக்குக் கொடுப்பதுபோலத்தான் இதுவும் என்பது அந்த ஒப்பீட்டின் அடி. எண்ணூறு வருடங்களுக்கு முன் திமஷ்கில் எழுதப்பட்ட அந்தப் பத்தியில் இருக்கும் வலையும் நமது வலையும் ஒன்றே. தொழுகையில் ஷாபிஈயாகவும் வலையில் ஹன்பலியாகவும் நமது கரை இருந்துவந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, யாரும் எழுதவுமில்லை.

இது கல்விப் பொழுதுபோக்கு அல்ல. வாடகையா, பங்கா என்ற வேறுபாடு மணலில் பணமாகிறது. வலைக்கு வாடகை என்று வைத்தால் மீன் அதிகம் பட்ட நாளில் ஆட்களுக்கு இலாபம், மீன் படாத நாளிலும் வாடகைக் கடன் ஏறும். பங்கு என்று வைத்தால் நட்டத்தில் வலைக்காரரும் நிற்கிறார். கடல் ஏமாற்றும் தொழிலில் நமது முன்னோர் இரண்டாவதைத் தேர்ந்ததற்கு நல்ல காரணம் இருந்தது.

அந்தக் கூட்டுக்குள் இப்போது முற்பணம் புகுந்துவிட்டது. மாரியில் தொழில் இல்லாத மாதங்களில் ஆட்கள் முதலாளியிடம் பணம் வாங்குகிறார்கள். தீரும் வரை வேறு வலைக்குப் போக முடியாது. முதலாளி மட்டும் சுதந்திரமானவரா? அவரும் வலைக்கும் தோணிக்கும் மொத்த வியாபாரி ஒருவரிடம் வாங்கியிருப்பார். பதிலுக்கு மீன் அந்த வியாபாரிக்கே போக வேண்டும், விலையில் ஒரு தொகை குறைத்து. நான் நின்ற அன்று ஏலம் முறைப்படி கூறப்பட்டது. சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கேட்டது ஒருவர் மட்டும். மற்றவர்கள் அவர் வாங்கியபின் அவரிடமிருந்து பிரித்தெடுப்பதற்காகக் காத்திருந்தார்கள். விலையை இப்படிக் கீழே வைத்தபின் பாதிக்குப் பாதி பிரிப்பதில் பாதியின் அர்த்தம் என்ன?

சில கரைகளில் வலை தண்ணீருக்குள் இருக்கும்போதே ‘இந்தப் பாடு இவ்வளவுக்கு’ என்று பேசி முடிப்பதும் உண்டு. இது பற்றி மார்க்கத்தில் ஐயம் இல்லை. முத்துக்குளிப்பவர் அடுத்த முழுக்கில் எடுக்கப்போவதை விற்பதற்குத் தடை சொல்லும் செய்தி இப்னு மாஜாவின் தொகுப்பில் உண்டு. தண்ணீருக்குள் இருக்கும் மீனை வாங்குவதை ஃபிக்ஹு நூல்கள் ‘கரர்’ என்பதற்கு முதல் உதாரணமாகவே தருகின்றன. அன்று அந்த வாடியில் ஒருவர் அப்படிக் கேட்டபோது தண்டயல் மறுத்துவிட்டார். ஹதீஸ் ஒன்றும் சொல்லவில்லை. “மடி அவுக்காம வெல செல்றல்ல” என்றார். கயிற்றின் அந்தப் பக்கம் நின்ற தமிழ் அண்ணன் ஒருவரும் அதையே சொன்னார். அது அவர்கள் இருவரின் தொழில் ஒழுங்கு.

பங்கைப் போலவே முறையும் ஒரு சொத்து. ஒரு கடற்கரையில் பல வலைகள் இருந்தால் எந்த வலை எப்போது இறங்குவது? கரைவலைப் பாடு என்று நாம் சொல்வது, ஒரு வலை வளைத்து இழுக்கத் தேவையான கரைத்துண்டையும் அங்கே வலை போடும் உரிமையையும் சேர்த்துத்தான். தெற்கே தங்காலைக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிங்களக் கிராமத்தில் இந்த முறை எப்படி நடந்தது என்பதை மானிடவியலாளர் போல் அலெக்சாண்டர் 1970களின் தொடக்கத்தில் தங்கியிருந்து ஆராய்ந்தார். அவரது நூல் 1982இல் வெளிவந்தது. அந்த நூலில் கிராமத்தின் பெயர் மாவெல்ல. அங்கே ஒவ்வொரு வலைக்கும் சுழற்சியில் முறை வந்தது. நல்ல நேரமும் நல்ல இடமும் எல்லோருக்கும் ஒருமுறையாவது கிடைக்கும்படி அது அமைந்திருந்தது. மீனுக்கு விலை ஏறியதும் ஆளுக்கு ஆள் புது வலை வாங்கினார்கள். புது வலையால் ஒரு மீன் கூடப் புதிதாகக் கிடைக்கவில்லை. கிடைத்தது வரிசையில் ஓர் இடம். வலைகள் வெகுவாகப் பெருகின, ஒவ்வொரு வலையும் வருடத்தில் சில தடவைகள் மாத்திரமே நனைந்தது. வலையின் எண்ணிக்கையை மட்டுப்படுத்தச் சட்டம் இருந்தது. செல்வாக்குள்ளவர்கள் அதைச் செயற்படவிடவில்லை. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம், பொதுச்சொத்துகளை மக்கள் தாமே எப்படி ஆளுகிறார்கள் என்பது பற்றி 1990இல் எழுதிய நூலில் மாவெல்லவைத் தோற்றுப்போன உதாரணங்களுள் ஒன்றாக எடுத்துக்கொண்டார். உலகமெங்கும் பல்கலைக்கழகங்களில் இந்த நாட்டுக் கரைவலையைப் பற்றிப் படிக்கிறார்கள், நாம்தான் நமது கரையின் முறையை ஒரு கொப்பியில்கூட எழுதிவைக்கவில்லை.

எழுதிவைக்க வேண்டியதன் அவசரத்தைச் சொல்கிறேன். 1984ஆம் ஆண்டின் கரைவலை ஒழுங்குவிதிகளும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டமும் பதிவையும் அனுமதிப்பத்திரத்தையும் கேட்கின்றன. பத்திரத்தில் வலைக்குச் சொந்தக்காரரின் பெயர்தான் வரும். மூன்று தலைமுறையாகக் கயிறு இழுத்தவரின் பெயர் எங்கும் வராது. கரையே மறைந்துபோனால் அவர் என்ன ஆவணத்தைக் காட்டுவார்?

கரை மறைவது கற்பனை அல்ல. நமக்குத் தெற்கே ஒலுவிலில் டென்மார்க் நாட்டின் கடனுதவியோடு கட்டிய துறைமுகம் 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. கடலுக்குள் நீட்டிய கல்லணை கரையோர மணலோட்டத்தைத் தடுத்தது. மணல் அணையின் தென்பக்கத்திலும் துறைமுக வாயிலிலும் சேர்ந்தது. வடக்கே ஒலுவில் கரையும் நிந்தவூர்க் கரையும் அரிந்துபோயின. தென்னைகள் வேரோடு சாய்ந்ததைப் பார்த்திருப்பீர்கள். கரைவலைக்கு வேண்டியது ஆழ்கடல் அல்ல, இழுத்து நடப்பதற்கு அகலமான மணல். அது போனால் வலை இருந்தும் தொழில் இல்லை. துறைமுகத்தால் ஆழ்கடல் படகுகளுக்குக் கிடைக்கவேண்டிய நன்மையும் வாயிலில் மணல் மூடியதால் முழுமையாகக் கிடைக்கவில்லை.

சுனாமிக்குப் பின் கரையோரத்தில் குடியிருப்பைத் தடுக்க அரசு கோடு போட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பிறகு அது தளர்த்தப்பட்டது. மருதமுனையில் ‘65 மீற்றர்’ என்பது ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. பாதுகாப்புக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டு வாசலில் இருந்து கடலின் நிறத்தைப் பார்த்துவந்த தண்டயல் குடும்பங்கள் உள்ளே போய்விட்டன. இப்போது வாடியில் இருந்து ஒருவர் கைபேசியில் சொன்னால்தான் மற்றவர்கள் வருகிறார்கள். சிறுபிள்ளை விளையாடிக்கொண்டே கடலைப் படிக்கும் வாய்ப்பு இல்லாமல் போயிற்று.

ஆள் குறைவுக்கு இயந்திரம் மருந்தாகுமா என்ற கேள்வியை அன்று லுஹருக்குப் பின் சோற்றுப் பார்சலோடு விவாதித்தார்கள். உழவு இயந்திரத்தில் வின்ச் பொருத்தி வலை இழுப்பது நாட்டின் பல கரைகளில் பரவி, பிறகு அரசு தடைசெய்து, தடைக்கு எதிராக வடக்கில் மீனவர்கள் போராடிய விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இயந்திரம் நிற்காமல் இழுக்கும். கடலடி உழுபடும், குஞ்சும் குருமனும் தப்பாது என்பது தடையின் பக்க வாதம். ஆட்கள் இல்லையே, என்ன செய்வது என்பது மறுபக்கம். முதலாளி வின்ச்சை விரும்பினார். 26 பேருக்குப் பதில் 8 பேர் போதும். தண்டயலுக்கு விருப்பமில்லை. அவர் சொன்ன காரணம் மீன்குஞ்சு அல்ல. “மிசினுக்கு பங்கு ஆருக்கு போகும்?” என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. என் அபிப்பிராயம் கேட்டால், கடலடியைப் பற்றிய வாதத்தை விட இதுவே கனதியான வாதம். வின்ச் வந்த அன்றே ஆட்களின் பாதி குறையும். கடைசி அரை மணி நேரத்தில் ஓடிவந்து கயிற்றைத் தொடுபவர்களுக்குத் தொட ஒரு கயிறும் இராது. ஆனால் ஆளில்லாமல் வலை கரையில் காய்ந்துகிடந்தாலும் அவர்களுக்கு மீன் கிடைக்காது என்பதையும் மறந்துவிட முடியாது.

அசருக்குப் பின் இரண்டாவது வலை. கடற்காற்று ஏறி அலை எழும்பியிருந்ததால் தோணி கரையேறச் சிரமப்பட்டது. மடியில் நெத்தலி கொஞ்சமும் இரண்டு கணவாயும் ஒரு வாளையும்தான். ஏலம் கூறவேண்டிய அளவு இல்லை, வீட்டுக்குப் பிரித்துக்கொண்டார்கள். மஃரிபுக்குக் கொஞ்சம் முன் காலை வலையின் பங்கு கொடுக்கப்பட்டது. தண்டயல் ஒரு பழைய பாடசாலைக் கொப்பியில் கோடு போட்டிருந்தார். பெயர்கள் இல்லை, கோடுகள் மட்டும். முழுக்கோடு ஒரு பங்கு, பாதிக்கோடு அரை. எந்தக் கோடு யாருடையது என்று அவருக்கு மட்டுமே தெரியும். பணம் வாங்கிக்கொண்டு நின்ற 17 வயதுப் பொடியன் ஒருவன் தனக்கு எப்போது முழுக்கோடு விழும் என்று கேட்டான். “மடிக்கு தனிய நீந்திப் போயிட்டு வா. அண்டைக்கு நானே போடுவன்” என்றார் தண்டயல். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனுக்குக் கட்டாருக்கு விசா வந்திருக்கிறதாம். அரைப் பங்குப் பணத்தை எண்ணிச் சாரன் மடிப்பில் செருகிக்கொண்டு, நெத்தலிப் பையோடு அவன் வீதிப் பக்கம் நடந்தான்.